சத்தமில்லாத பக்கம்

நான் பொய் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் நடந்த ஒன்றுக்காக, வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கிற வயதிலும் இப்படி எழுத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் டென்மார்க்கின் பிராண்டே ஊரில் என்னோடு படித்தவர்களில் யாரைப் பிடித்துக் கேட்டாலும், கற்கால வாரத்தில் பொய்க்கயிறு திரித்தவள் என்றுதான் என்னை ஞாபகம் வைத்திருப்பார்கள். சென்ற கோடையில் கடையொன்றில் பால் எடுக்கக் குனிந்தபோது பின்னால் வந்து நின்ற மாக்னுஸ், சுகம் விசாரிப்பதற்கு முன்னமே, இன்றைக்கு எத்தனை எருதை விழுத்தினாய் என்று கேட்டுச் சிரித்தான். அவனுக்கு இப்போது தாடி வளர்ந்திருக்கிறது. வேறொன்றும் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குளிர் விட்டு வெயில் தலைகாட்டத் தொடங்கிய நாட்களில் எங்கள் வகுப்புக்குக் கற்கால வாரம் என்று ஒன்று வந்தது. ஐந்து நாட்களும் கணக்கு இல்லை, சொல்வதெழுதுதல் இல்லை. கல்லைக் கல்லோடு தட்டுவது, நெருப்பு மூட்டுவது, தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் வாட்டித் தின்பது, இவ்வளவுதான் படிப்பு. திங்கட்கிழமை பேருந்தில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருதின் எலும்புக்கூடு நின்றது. அதன் தோளெலும்பு எங்கள் வகுப்பு ஆசிரியையின் தலைக்கு மேலே இருந்தது. ஆசிரியையோ குட்டையானவர் அல்லர். விலா எலும்பொன்றில் சின்னக் கல் அம்புமுனை ஒன்று புதைந்திருந்தது. அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருந்ததால், இந்த எருது ஒரு தடவை அம்பு பட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். இரண்டாம் தடவை அது தப்பவில்லை.

ஆயிரம் கிலோ எடையும் அவ்வளவு பெரிய கொம்பும் உள்ள மிருகத்துக்கு முன்னால் ஈட்டியோடு போய் நிற்பவன் மடையன் என்றும், கற்கால மனிதர்கள் மடையர்கள் அல்லர் என்றும் அவர் விளக்கினார். அவர்கள் மந்தையை மூன்று பக்கமும் வளைத்துக்கொள்வார்கள். கத்துவார்கள், தடியால் மரங்களில் அடிப்பார்கள், நெருப்பைக் காட்டி வெருட்டுவார்கள். நான்காவது பக்கத்தை மட்டும் அமைதியாக விட்டுவிடுவார்கள். பயந்த மிருகம் சத்தமில்லாத பக்கமாகத்தான் ஓடும். அங்கே சேறு இருக்கும். சேற்றுக்குப் பக்கத்தில் வில்லோடு ஆட்கள் ஒளிந்திருப்பார்கள். இதைச் சொல்லி முடித்துவிட்டு வழிகாட்டி தன் நெற்றியை விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். அவர்களுடைய உண்மையான ஆயுதம் இதுதான் என்றார். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். நானும்தான்.

அந்த எருதுக்கு டேனிஷில் ஊர்ஒக்ஸெ என்று பெயர். ஒக்ஸெ என்றால் எருது. முன்னால் இருக்கும் ஊர் என்பதற்கு ஆதி, மிகப் பழைய என்று அர்த்தமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. டேனிஷ் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதானே என்று விட்டிருப்பார்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஊர் வரும். ஊர் மாம்பழம், ஊர்க்கோழி, ஊர் அரிசிமா. எது பெரிதாகவும் ருசியாகவும் இருந்ததோ அது ஊரில் இருந்தது. ஆகவே இவ்வளவு பெரிய, இவ்வளவு அழகான எருதும் எங்கள் ஊரைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும், அதனால்தான் டேனிஷ்காரரே மரியாதையாக ஊர் எருது என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பேருந்தில் திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் இதைப் பற்றிக் கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தால் காலைத் தூக்கிக் கதிரையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அப்பா காற்றாலைத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மாமாதான் சும்மா இருந்தார். மாமா அம்மாவின் தம்பி. வன்னியில் சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, எப்படியெப்படியோ நாடு நாடாகச் சுற்றி அந்தக் குளிர்காலத்தில்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். காலையில் மொழிப் பள்ளிக்கூடம், மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டுச் சோபா. மாமியையும் பிள்ளைகளையும் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். நான் கேட்டதில்லை. அம்மா அப்பாவோடு டேனிஷில் பேசித் தப்பித்துக்கொள்ளும் நான் மாமாவோடு மட்டும் தமிழில்தான் பேசியாக வேண்டும். அவருக்கு டேனிஷில் தெரிந்ததெல்லாம் தக் என்ற ஒரு சொல்தான். நன்றி என்பதற்கான சொல். அதைக் கதவுக்கும் சொல்வார், பேருந்துக்கும் சொல்வார்.

புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, ஊரில் இது இருந்ததா என்று கேட்டேன். மாமா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நாம்பன் மாடு, நல்ல வடிவான நாம்பன் என்றார். காளையை அவர் அப்படித்தான் சொல்வார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"எங்கடை பட்டியிலை எழுபது மாடு நிண்டது பிள்ளை. பின்னேரத்திலை நான் தனிய ஒரு பூவரசந்தடியோடை போய் அவ்வளவத்தையும் சாய்ச்சுக்கொண்டு வருவன்."

சாய்ச்சு என்ற சொல்லை நான் அறிவேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், காற்றில் மரம் சாய்ந்தது என்று பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். எழுபது எருது. தனி ஆள். ஒரு தடி. கற்கால மனிதர்களுக்கு ஒன்றை விழுத்தவே ஊர் கூடிக் கத்த வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை வகுப்பில் நான் கையைத் தூக்கியது பெருமை தாங்காமல்தான். என் மாமா இலங்கையில் தினமும் எழுபது ஊர்ஒக்ஸெயைத் தனியாக, வெறும் தடியால் தள்ளி விழுத்துவார் என்று சொன்னேன். பிறகு மாக்னுஸ், பொய் என்பதற்கு டேனிஷில் உள்ள லொய்ன் என்ற சொல்லை ஆற அமர, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அவர் செய்தது அதைவிட மோசம். தலையை ஒரு பக்கம் சரித்து, ஊர்ஒக்ஸெ எப்போதோ உலகத்தில் அழிந்துபோன மிருகம் என்றும், சில பேருக்கு உறவினர்களைப் பிடித்துவிட்டால் அவர்களைப் பற்றிக் கதை சொல்லத் தோன்றும் என்றும், அது கெட்ட பழக்கம் இல்லை என்றும் மிக மெதுவான குரலில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைத் திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். இரக்கப்படுகிறவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அன்றைக்கே வீட்டுக்கு ஒரு குறிப்பும் வந்தது. உங்கள் மகளுக்குக் கற்பனை வளம் மிக அதிகம் என்று எழுதியிருந்தார். அம்மா அதைப் பாராட்டு என்று நினைத்து, அப்பா வரும்வரை காத்திருந்து அவருக்கும் வாசித்துக் காட்டினார். அப்பா என் தலையைத் தடவிவிட்டார். நான் போய்க் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வேடங்களைப் பிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோர் முன்னிலையில் பெரிய வேட்டை நடக்கும். வேடர்கள், சத்தம் போடுபவர்கள், எருதுகள் என்று மூன்று கூட்டம். எனக்கு வேடர் தலைவி ஆக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மாமா தடியோடு தனியாகப் போய் நின்றவர் என்றால், அவருடைய மருமகள் ஈட்டியோடு முன்னால் நிற்க வேண்டாமா? கையைத் தோளிலிருந்து கழன்றுவிடும்போல உயர்த்திக்கொண்டிருந்தேன். தலைவன் வேடம் மாக்னுஸுக்குப் போனது. ஆசிரியை என்னிடம் வந்து குனிந்து, உனக்குத்தான் ஊர்ஒக்ஸெ பற்றி இவ்வளவு தெரியுமே, நீ எருதுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கு என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்ப முயல்கிறேன். வேடர்களுக்கு முகத்தில் சிவப்பு மண் பூச்சு, கழுத்தில் பல் மாலை. எனக்குப் பழைய மண்ணிறக் கம்பளி. என் மந்தையில் இருந்த மற்ற நான்கு பேரும் எந்த வேடத்துக்கும் கை தூக்காதவர்கள்.

கொம்பு நாங்களே செய்துகொண்டு போக வேண்டும். மாமாதான் செய்தார். ஈரப் பத்திரிகைத் தாளை மட்டையில் சுற்றிச் சுற்றி, இரண்டு நாள் பின்னேரமும் குசினி மேசையில் இருந்து செய்தார். கொம்பு முதலில் வெளியே போய், பிறகு முன்னால் வளைந்து, நுனி உள்ளே திரும்ப வேண்டும் என்று தனக்குள் பேசிக்கொண்டே வளைத்தார். அவ்வளவு திறமான கொம்பு வகுப்பில் ஒருவருக்கும் இல்லை. நான் அதற்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. என் மனம் முழுக்க வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டின் விதிப்படி எருதுகள் சத்தமில்லாத பக்கம் ஓடி, சதுப்பில் விழுந்து, துணி சுற்றிய ஈட்டி பட்டதும் செத்துப்போக வேண்டும். நான் சாகப் போவதில்லை. வகுப்பில் என்னைவிட வேகமாக ஓடக்கூடியவர் யாருமில்லை. சதுப்பை ஒரே பாய்ச்சலில் தாண்டி, மாக்னுஸின் மூக்குக்கு முன்னால் ஓடி, வேலி வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்ப்பேன். அப்போது தெரியும் ஊர் எருது என்றால் என்னவென்று.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை. அதனால் மாமா வந்தார். அப்பாவின் தடித்த குளிர்ச் சட்டையைப் போட்டிருந்தார், அது அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. மற்றப் பெற்றோரோடு புல்வெளி ஓரத்தில் காகிதக் கோப்பையில் கோப்பியோடு நின்றார். யாரோ கேக் நீட்ட, தக் என்றார். வேட்டையைப் பற்றி நான் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் நீளமான புல்வெளி, அதன் கடைசியில் ஒரு பேர்ச் மரக் கூட்டம். மரங்களுக்கு முன்னால் நீலத் தறப்பாள் ஒன்றை விரித்து, அதுதான் சதுப்பு என்று வைத்திருந்தார்கள். மரங்களுக்குப் பின்னால் மாக்னுஸும் வேடர்களும். ஆசிரியை கையை இறக்கியதும் மூன்று பக்கத்திலிருந்தும் சத்தம் தொடங்கியது. சட்டி மூடி, தகரம், மரக்கட்டை, ஊதல். பத்துப் பதினைந்து பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு எங்களை நோக்கி வந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் உண்மையாகவே அழத் தொடங்கினாள். நான் தலையைக் குனிந்து, கொம்பை முன்னால் நீட்டி, தறப்பாள் இருந்த பக்கம் ஓடினேன். மற்ற நான்கு பேரும் என்னைத் தொடர்ந்தார்கள்.

பாதி தூரம் போயிருப்பேன். திடீரென்று எனக்கு முன்னால் ஒரு பெரிய கறுத்த சட்டை வந்து நின்றது. மாமா. இரண்டு கையையும் அகல விரித்திருந்தார். கோப்பி அவர் மார்பு முழுக்க ஊற்றுப்பட்டிருந்தது.

"அங்காலை போகாதை பிள்ளை. சத்தத்துக்குள்ளாலை வா. சத்தத்துக்குள்ளாலை இஞ்சாலை வா."

விலகுங்கோ மாமா என்று நான் கத்தினேன். அவர் விலகவில்லை. நாக்கை மடித்து, தொண்டையிலிருந்து ஒரு விசித்திரமான ஒலி எழுப்பினார். நான் இடப்பக்கம் போனால் அவரும் அங்கே நின்றார். வலப்பக்கம் திரும்பினால் அங்கும் நின்றார். எங்களில் ஒருவரையும் அவர் தொடவில்லை. ஆனால் எப்படியோ ஐந்து பேரும் திரும்பிவிட்டோம். அவர் பக்கவாட்டில் ஓடி ஓடி, கையை வீசி வீசி, எங்களைச் சத்தம் போட்டவர்களுக்கு நடுவாலேயே கொண்டு போனார். சட்டி மூடிகள் கீழே விழுந்தன, கத்தினவர்கள் பயந்து இரண்டு பக்கமும் சிதறினார்கள். சைக்கிள் கொட்டகைக்குள் போனபிறகுதான் விட்டார். நான் வகுப்பில் சொன்னது உண்மை என்பதற்கு எல்லோர் கண் முன்னாலும் சாட்சி நடந்து முடிந்தது. அது சாட்சி என்பது எனக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மானம் போனது மட்டும்தான். சில பெற்றோர் இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஈட்டிகளோடு வெளியே வந்த வேடர்கள் கொல்ல ஒன்றும் இல்லாமல் விழித்தார்கள். மாக்னுஸ் சிவப்பு மண் வழிய அழுதான். அதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. என் ஓட்டத்தைக் கெடுத்தார், என் பழிவாங்கலைக் கெடுத்தார், அதையும் எல்லோருக்கும் முன்னால் தமிழில் கத்திக் கெடுத்தார். கொம்பைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தேன். மாமா அதைக் கவனிக்கவில்லை. எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு என்று எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். வெட்கத்தில்தான் என் முகத்தைப் பார்க்காமல் எண்ணுகிறார், நன்றாக எண்ணட்டும் என்று நினைத்தேன்.

பத்தொன்பது வயதில் அம்மாவோடு ஊருக்குப் போனபோதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கிளிநொச்சிப் பக்கம் தெருவை மறித்துக்கொண்டு ஐம்பது அறுபது மாடுகள் போயின, பின்னால் ஒருவர் தடியோடு நடந்தார். வாகனத்தை நிறுத்தியிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டேன். பட்டிக்கு மாடு சாய்ச்சுக்கொண்டு போறார் என்றார் அம்மா. ஒரு மாடும் விழவில்லை. சாய்ப்பது என்றால் அங்கே ஓட்டிக்கொண்டு போவது. நான் சிரித்துச் சிரித்து அம்மாவுக்கு ஒன்பது வயதுக் கதையைச் சொன்னேன். சைக்கிள் கொட்டகை வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அழத் தொடங்கிவிட்டார். தன்னுடைய சட்டத்தை அன்றைக்கு அவரே மீறினார். கடைசிச் சண்டையில் மூன்று பக்கத்தாலும் செல் குண்டுகள் விழுந்தனவாம். கடற்கரைப் பக்கம் பாதுகாப்பு, அங்கே போங்கள் என்று அறிவித்தார்களாம். மாமா மாமியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தச் சத்தமில்லாத பக்கம்தான் போனார். மணலில் தறப்பாள் கட்டி இருந்தார்கள். பிறகு அங்கேயும் விழுந்தது.

போன வருடம் என் சிநேகிதியின் மகனைக் கூட்டிக்கொண்டு அதே அருங்காட்சியகத்துக்குப் போனேன். வேறு வழிகாட்டி, அதே எருது, அதே கதை. நான்காவது பக்கத்தை அமைதியாக விட்டுவிடுவார்கள் என்று சொல்லி இவரும் நெற்றியைத் தட்டினார். பசிக்காக வேட்டையாடியவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் அந்தத் தட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மூளை கற்காலத்தோடு நின்றுவிட்டதுபோல, அதற்குப் பிறகு அது எங்கேயும் போய் வேலை செய்யாததுபோல, எவ்வளவு திருப்தியாகத் தட்டுகிறார்கள். பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவன் நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான்.

மாமா இப்போது ரண்டர்ஸ் நகரத்தில் இருக்கிறார், நல்ல டேனிஷ் பேசுகிறார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. கதைக்க வேண்டிய கடமை எனக்குத்தான் இருக்கிறது, ஆனால் வாய் வரவில்லை. ஏனென்றால் சைக்கிள் கொட்டகையில் இன்னொன்றும் நடந்தது.

மாமா மூன்றாம் தடவை எங்களை எண்ணத் தொடங்கியபோது ஆசிரியை மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் கோபப்படவில்லை. உன் மாமாவிடம் ஏன் இப்படிச் செய்தார் என்று கேள், அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குச் சொல் என்றார். கேட்டேன். மாமா எண்ணுவதை நிறுத்தி, எனக்கல்ல, நேராக ஆசிரியையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"மூண்டு பக்கமும் அடிச்சு ஒரு பக்கத்தைத் திறந்து விட்டால், அங்கைதான் காத்துக்கொண்டு நிப்பாங்கள். பிள்ளையளை அங்கை ஓட விடாதேங்கோ எண்டு ரீச்சரிட்டைச் சொல்லு பிள்ளை."

ஆசிரியை என்னைப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்திருந்தார்கள். மாக்னுஸும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். மாமாவுக்கு விளையாட்டின் விதி விளங்கவில்லையாம், மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் டேனிஷில் சொன்னேன்.

அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும் எல்லோரும் உடனே நம்பினார்கள். ஆசிரியை கனிவோடு சிரித்து, விளங்குகிறது, விளங்குகிறது என்று மாமாவைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். மாமா என் முகத்தைப் பார்த்தார், ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார். தான் சொன்னதை அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தார். இரண்டு கையாலும் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

"தக். தக்."